உங்களுக்குத் தெரியுமா? மூளையில் ரத்தக்கசிவும் மாத்திரை டப்பாவும்

★ ஸ்ட்ரோக் என்றால் ரத்தக்குழாய் அடைப்பு என்றே பலரும் நினைக்கிறோம். பெரும்பாலானவை அடைப்புதான். ஆனால் குழாய் கிழிந்து மூளைக்குள் ரத்தம் கொட்டுகிற ரகமும் உண்டு. மேலை நாடுகளில் 100 ஸ்ட்ரோக்கில் 10 முதல் 15 வரை இந்த ரகம். ஆசியாவில் அதன் பங்கு இன்னும் கூடுதல். எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் அதிகம்: மூளைத் திசுவுக்குள் ரத்தம் கசிந்தவர்களில் 10 பேருக்கு 4 பேர் வரை ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள்.

★ நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரெனச் சாய்வதற்கு மூளைக்குள் ரத்தம் கசிவதும் ஒரு காரணம் என்று பிணப் பரிசோதனை செய்து காட்டியவர், சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் ஊர் மருத்துவர் யோஹான் யாக்கோப் வெப்ஃபர். அவருடைய நூல் வெளிவந்த ஆண்டு 1658. ரத்த அழுத்தத்தை அளக்க இன்றைய முறை வந்தது 1905-ல், ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் மூலம். நோயைக் கண்டுபிடித்ததற்கும் அதன் தலையாய காரணத்தை அளக்கத் தெரிந்துகொண்டதற்கும் இடையே ஏறத்தாழ 250 ஆண்டுகள்.

★ அந்தத் தலையாய காரணம் உயர் ரத்த அழுத்தம். அது என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை விடத் தெளிவான சாட்சி இல்லை. 1944 மார்ச்சில் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் இதய மருத்துவர் ஹோவர்ட் ப்ரூயன் அவரைப் பரிசோதித்தபோது அழுத்தம் 186/108. அதுவரை அவரைக் கவனித்துவந்த அதிபரின் மருத்துவர் ராஸ் மெக்கின்டயர் காது, மூக்கு, தொண்டை நிபுணர்! அதிபருக்கு சைனஸ் தொந்தரவு இருந்ததால் அந்தத் தேர்வு. அதன் பிறகும் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் வீட்டில் ஓவியர் ஒருவர் அவரை வரைந்துகொண்டிருந்தார். பின்தலையில் பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார் ரூஸ்வெல்ட். ப்ரூயன் அளந்தபோது 300/190. சில மணி நேரத்தில் முடிந்துபோனது. வயது 63.

எதிர்பாராத மரணம் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. ஆண்டாண்டாக ஏறிய அந்த எண்களை ப்ரூயன் மருத்துவ இதழில் வெளியிட்டது 1970-ல். படித்தவர்களுக்கு அதில் எதிர்பாராதது எதுவும் தெரியவில்லை.

★ ரூஸ்வெல்ட்டின் மருத்துவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உப்பைக் குறைத்தார்கள், ஓய்வு சொன்னார்கள், டிஜிட்டாலிஸும் ஃபினோபார்பிட்டாலும் கொடுத்தார்கள். அவர்கள் கையில் வேறு மருந்து இல்லை. அவர் இறந்து 4 ஆண்டுகள் கழித்து, 1949-ல், பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் நம் சர்ப்பகந்தா வேர் ரத்தக்கொதிப்பைக் குறைப்பதை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த வேரிலிருந்து ரெசர்பின் 1952-ல் பிரித்தெடுக்கப்பட்டது. சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் தயசைடு மாத்திரை வந்தது 1958-ல். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரை, உலகப்போரை நடத்திய அதிபருக்குக் கிடைக்கவில்லை.

★ சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கும் இதே முடிவு. 1953 மார்ச் 1 இரவு அறையில் தரையில் கிடந்தவரைக் காவலர்கள் கண்டார்கள். மருத்துவர்கள் வந்தது மறுநாள் காலையில். அட்டைப்பூச்சிகளை விட்டு ரத்தம் உறிஞ்ச வைத்துப் பார்த்தார்கள். மார்ச் 5-ல் இறந்தார். இடப்பக்க மூளையில் ரத்தக்கசிவு. ஓய்வு எடுக்கச் சொன்ன அவருடைய மருத்துவர் வினோக்ராதவ் அப்போது எங்கே இருந்தார்? ஸ்டாலினின் சிறையில்.

★ "எனக்குத் தலைவலியே வராது, எனக்கு எப்படி பிரஷர் இருக்கும்?" என்று கேட்பவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். அழுத்தம் ஏறினால் தலை சுற்றும், வலிக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே தெரியாது. மூளையின் ஆழத்தில் பெரிய குழாயிலிருந்து நேராகக் கிளம்பும் மெல்லிய குழாய்கள் அந்த அழுத்தத்தை வருடக்கணக்கில் தாங்கி, சுவர் நைந்து, ஒரு நாள் விட்டுக்கொடுக்கும். அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

★ நன்றாக இருக்கிறதே என்று பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்துவது இன்னொரு வழக்கம். மாத்திரை போடுவதால்தான் நன்றாக இருக்கிறது என்பதை யாராவது சொல்ல வேண்டும். குளோனிடின் போன்ற சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் பழைய அளவையும் தாண்டி எகிறும். ஊருக்குப் போகிற அவசரத்தில் மாத்திரையை மறந்துவிட்டு வந்தால் அந்த ஊர் மெடிக்கல் ஷாப்பில் உடனே வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வாங்கி அலமாரியில் அடுக்கி வைப்பவர்களை எந்தத் திட்டத்தாலும் காப்பாற்ற முடியாது.

★ உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுமார் ஒரு தேக்கரண்டி. அதில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் அடக்கம். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதி ஊர்களுக்கு வழக்கமான உப்பு, மீதி ஊர்களுக்கு கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. 2021-ல் வெளியான முடிவு: மாற்று உப்பு சாப்பிட்டவர்களுக்கு ஸ்ட்ரோக் 14 சதவீதம் குறைவு. வாழ்க்கையில் வேறு எதையும் மாற்றச் சொல்லவில்லை, உப்பு டப்பாவை மட்டும் மாற்றினார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை போடுபவர்களுக்கும் இந்த உப்பு ஆகாது.

★ இருமலுக்கு அதிமதுரம் நல்லது. மாதக்கணக்கில் தினமும் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அதிலுள்ள கிளிசிரைசின் செய்கிற வேலை அது. பிரஷர் உள்ளவர்கள் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

★ மருந்துக் கதைகளிலேயே விசித்திரமானது, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினுடையது. 1920-களில் வட அமெரிக்கப் பண்ணைகளில் மாடுகள் காரணமில்லாமல் ரத்தம் ஒழுகிச் செத்தன. கொம்பு சீவினால்கூட ரத்தம் நிற்கவில்லை. ஸ்வீட் குளோவர் என்ற தீவனப் பயிரின் வைக்கோல் ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போனதுதான் காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டுகொண்டார்கள். 1933-ல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த கிடாரியையும், உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும், கெட்டுப்போன வைக்கோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டி வந்து, பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் இறக்கினார். சில ஆண்டு உழைப்பில் அந்தக் குழு வைக்கோலிலிருந்த டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. அதிலிருந்து பிறந்த வார்ஃபரின் 1948-ல் சந்தைக்கு வந்தது, எலி மருந்தாக!

1951-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஓர் இளைஞர் உயிரை மாய்த்துக்கொள்ள அதை விழுங்கினார். வைட்டமின் கே கொடுத்ததும் பிழைத்துக்கொண்டார். முறிவு மருந்து கைவசம் இருக்கிறது என்றானதும் மனிதர்களுக்குக் கொடுக்கும் துணிவு வந்தது. 1954-ல் அனுமதி. 1955-ல் மாரடைப்பு வந்த அதிபர் ஐசன்ஹோவருக்கும் அதே மருந்து.

★ எலி மருந்தை மனிதனுக்கா என்று முகம் சுளிக்க வேண்டாம். செயற்கை வால்வு வைத்தவர்கள், வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்கள், இதயம் தாறுமாறாகத் துடிப்பவர்கள் என எத்தனையோ பேர் இந்த வகை மருந்தால்தான் நடமாடுகிறார்கள். நம் ஊரில் அதிகம் எழுதித் தருவது இதன் உறவினரான அசினோகூமரால். ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்பதை ஐ.என்.ஆர். என்ற எண்ணால் பார்ப்பார்கள். மருந்து போடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். மருந்து போடுபவர்களில் பலருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். சில வால்வுகளுக்கு இன்னும் சற்றுக் கூடுதல். கீழே இறங்கினால் ரத்தக்கட்டி உருவாகும், மேலே ஏற ஏற மூளையில் கசியும் அபாயம். இவ்வளவு குறுகலான வழியில் நடக்க வைக்கும் மாத்திரைகள் அதிகம் இல்லை. மாதாந்திர ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மருத்துவர் கெஞ்சுவது இதற்காகத்தான்.

★ வார்ஃபரினை முறிக்கும் வைட்டமின் கே கீரையில் ஏராளம். அதனால் இந்த மாத்திரை போடுபவர்கள் கீரையையே தொடக் கூடாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். தேவையில்லை. வாரத்துக்கு 2 நாள் சாப்பிடுவது வழக்கம் என்றால் அதே 2 நாள் சாப்பிடலாம், மருத்துவர் அதற்கேற்ப அளவை வைப்பார். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, அடுத்த மாதம் தினமும் முருங்கைக்கீரை என்று மாறினால்தான் சிக்கல். ஜப்பானியர்கள் விரும்பி உண்ணும் நாட்டோ என்ற புளித்த சோயாவில் இந்த வைட்டமின் அளவுக்கு மீறி உண்டு. வார்ஃபரின் போடுபவர்கள் அதைத் தொடவே கூடாது என்று அங்கே கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

★ கீரையை விடப் பயப்பட வேண்டியது மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரைப் பார்த்து. வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரோனிடசோல், படர்தாமரைக்கு வாங்கும் ஃபுளுகோனசோல், நீர்க்கடுப்புக்குத் தரும் கோட்ரைமாக்சசோல் ஆகிய மூன்றும் வார்ஃபரின் உடலில் கழியாமல் தேங்க வைத்து, ஐ.என்.ஆரைக் கிடுகிடுவென ஏற்றிவிடும். முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் மந்தமாகும், வயிற்றிலும் புண் வரும். "வால்வுக்கு மாத்திரை போடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நல்ல மருந்தாளுநர் உஷாராகிவிடுவார். சொல்லாமல் "ரெண்டு மாத்திரை கொடுங்க" என்றால் அவர் என்ன செய்வார்?

★ டேபிகாட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் என்று 2010-ஐ ஒட்டி வந்த புதிய உறைவெதிர் மாத்திரைகளில், மண்டைக்குள் ரத்தம் கசியும் வாய்ப்பு வார்ஃபரினில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. அடிக்கடி ஐ.என்.ஆர். பார்க்கவும் வேண்டாம். அப்படியென்றால் எல்லோரும் மாறிவிடலாமா? உலோக வால்வு வைத்தவர்களுக்கும், வாதக் காய்ச்சலால் வால்வு வெகுவாகச் சுருங்கியவர்களுக்கும் பழைய மாத்திரைதான்.

★ தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டால் மாரடைப்பே வராது என்று 60 தாண்டியவர்கள் பலர் தாங்களாகவே ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதயநோய் இல்லாத 19,114 முதியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு தினம் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 2018-ல் வெளியான முடிவில் ஆயுளும் கூடவில்லை, ஊனமின்றி வாழும் காலமும் கூடவில்லை. 2023-ல் அதே தரவை மறுபடி அலசினார்கள். அடைப்பு ஸ்ட்ரோக் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. மண்டைக்குள் ரத்தக்கசிவோ ஆஸ்பிரின் போட்டவர்களுக்கு 38 சதவீதம் கூடுதல்.

சதவீதம் மிரட்டும். ஆட்கணக்கில் சொன்னால் 1,000 பேரில் 8 பேருக்கு வர வேண்டியது 11 பேருக்கு வந்தது. ஏற்கெனவே மாரடைப்போ அடைப்பு ஸ்ட்ரோக்கோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் கணக்கு வேறு. அவர்களுக்கு ஆஸ்பிரினால் நன்மை அதிகம், நிறுத்தவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதித் தந்ததைப் பார்த்து ஆரம்பித்தவர்களுக்குத்தான் இந்தச் செய்தி.

★ வாய் கோணி, கை விழுந்துவிட்டது. வீட்டில் யாரோ ஆஸ்பிரினைத் தேடுகிறார்கள். கொடுக்காதீர்கள்! நெஞ்சுவலிக்குச் சொன்ன முதலுதவியை ஸ்ட்ரோக்குக்குக் கடன் வாங்கக் கூடாது. அடைப்பா, கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் அந்த ஒரு மாத்திரை நிலைமையை மோசமாக்கலாம். ஆஸ்பிரின் தொட்ட தட்டணு அதன் ஆயுள் முடிகிற 7 முதல் 10 நாள் வரை தேறவே தேறாது.

★ அடைப்பா கசிவா என்று உயிரோடு இருப்பவரின் தலைக்குள் பார்க்க வழி கிடைத்ததே 1971-ல்தான். அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. கருவியை வடிவமைத்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், இசைத்தட்டுகளுக்குப் பேர்போன இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர். 1979-ல் நோபல் பரிசு பெற்றார். கசிந்த ரத்தம் ஸ்கேனில் வெள்ளையாகத் தெரியும்.

★ சளி மாத்திரையும் பசி குறைக்கும் மாத்திரையும் மூளையில் ரத்தம் கசிய வைக்குமா? வைத்திருக்கின்றன. ஃபீனைல்புரோப்பனலமைன் என்ற மருந்து பல ஆண்டுகள் மூக்கடைப்புக்கும் உடல் மெலியவும் தாராளமாக விற்கப்பட்டது. ரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை எகிறச் செய்யும் ரகம். இளம் பெண்கள் சிலருக்கு மெலியும் மாத்திரை போட்டதும் மூளையில் கசிவு வந்ததாக மருத்துவ இதழ்களில் குறிப்புகள் சேர்ந்துகொண்டே வந்தன. யேல் பல்கலைக்கழகம் தலைமையில் நடந்த ஆய்வு 2000-ல் வெளியானது. 18 முதல் 49 வயதுக்குள் கசிவு வந்த 702 பேரை, வராதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மெலியும் மாத்திரையாக அதைப் போட்ட பெண்களுக்கு அபாயம் 16 மடங்கு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உடனே சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. இந்தியாவில் மைய அரசு தடை ஆணை போட்டது 2011-ல். இடையில் 10 ஆண்டுக்கு மேல் நாம் எல்லோரும் அதை விழுங்கிக்கொண்டிருந்தோம்.

இன்று அதன் இடத்தில் இருக்கும் ஃபீனைலெஃப்ரினும் சூடோஎஃபிட்ரினும் அவ்வளவு கடுமையானவை அல்ல. ஆனாலும் கட்டுக்குள் வராத ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் சளி மாத்திரையைக் கேட்காமல் போடக் கூடாது.

★ மழைக்காலக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மூன்றும் வேண்டாம். டெங்குவாக இருந்தால் தட்டணுக்கள் ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், தண்ணீர், ஓய்வு.

★ பாம்பு விஷத்துக்கு இந்தக் கதையில் இரண்டு பக்கமும் இடம் உண்டு. பிரேசிலின் ஜரராக்கா விரியன் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது காப்டோபிரில் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரை, 1981-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் வயல்வெளிகளில் திரியும் சுருட்டை விரியனின் விஷப் புரதத்தைப் பார்த்து உருவாக்கியது டைரோஃபைபான் என்ற தட்டணு எதிர்ப்பு ஊசி. முதலாவது மூளைக் கசிவைத் தடுக்கும். இரண்டாவது மாரடைப்பில் உயிர்காக்கும், கசிவையும் உண்டாக்கலாம். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையும் தன்மையே போய், சிலருக்கு மூளைக்குள் கசிவதும் உண்டு. விஷமுறிவு மருந்தைத் தவிர அதற்கு வேறு வைத்தியம் இல்லை.

★ சத்து மாத்திரைதானே என்று வைட்டமின் ஈ-யை ஆண்டுக்கணக்கில் போடுபவர்கள் கவனிக்க. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட கணக்கின்படி, அடைப்பு ஸ்ட்ரோக் 10 சதவீதம் குறைகிறது, கசிவு ஸ்ட்ரோக் 22 சதவீதம் கூடுகிறது. ஆட்கணக்கில் மிகச் சிறியது, 1,250 பேர் போட்டால் ஒருவருக்குக் கூடுதலாகக் கசிவு. ஆனால் தேவையே இல்லாமல் போடும் மாத்திரைக்கு அந்த ஒருவரும் அதிகம்தான். ஜிங்கோ மாத்திரை, பூண்டுச் சாறு மாத்திரை ஆகியவற்றை ரத்தத்தை இளக்கும் மருந்தோடு சேர்க்கக் கூடாது. குழம்பில் போடும் பூண்டுக்குத் தடை இல்லை.

★ கொலஸ்ட்ரால் மாத்திரை மூளையில் ரத்தம் கசிய வைக்கும் என்று ஒரு பயம் உலவுகிறது. அதற்கு மூலம் 2006-ல் வெளியான ஓர் ஆய்வு. ஸ்ட்ரோக்கோ சிறிது நேரத்தில் விலகும் குறு ஸ்ட்ரோக்கோ வந்து தேறிய 4,731 பேரில் பாதிப் பேருக்கு அடோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் கொடுத்தார்கள். கசிவு வந்தவர்கள்: மாத்திரை போட்டவர்களில் 55 பேர், போடாதவர்களில் 33 பேர். பயப்படுபவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஸ்ட்ரோக் மொத்தத்தையும் பாருங்கள்: போட்டவர்களில் 265, போடாதவர்களில் 311. மாரடைப்பும் குறைந்தது. அடைப்பு வந்தவர்களுக்கு மாத்திரையின் பக்கம்தான் தராசு சாய்கிறது.

★ குடி நான்கு பக்கமும் தாக்கும். ரத்த அழுத்தத்தை ஏற்றும், தட்டணுக்களைக் குறைக்கும், ரத்தம் உறையத் தேவையான புரதங்களைச் செய்யும் கல்லீரலைக் கெடுக்கும், கடைசியில் ஆளையே கீழே தள்ளும். அதை விடக் கொடுமை, தலையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவரைப் பார்த்து "போதையில் கிடக்கிறான், காலையில் எழுந்திருப்பான்" என்று எல்லோரும் கடந்துபோவது. குடித்தவருக்குத் தலையில் அடிபட்டால், உளறலும் வாந்தியும் தூக்கமும் போதையால் என்று முடிவு கட்டாதீர்கள். ஆஸ்பத்திரியில் மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

★ சுமார் 100 பேரில் 3 பேருக்கு மூளை ரத்தக்குழாயில், சைக்கிள் டியூப்பில் தெரிவதைப் போல ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். அன்யூரிசம் என்பார்கள். பலருக்கு ஆயுள் முழுக்க வெடிக்காது, இருப்பதே தெரியாது. வெடிக்க வைப்பதில் நம் கையில் இருக்கும் பெரிய காரணங்கள் இரண்டு: புகைபிடிப்பதும் ரத்தக்கொதிப்பும். வெடித்தால் வரும் தலைவலி ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். வாழ்நாளில் இப்படி வலித்ததே இல்லை என்று நோயாளியே சொல்வார். அந்தப் புடைப்பின் கழுத்தில் முதன்முதலில் கிளிப் போட்டு அடைத்தவர் அமெரிக்காவின் வால்டர் டாண்டி, 1937-ல். இப்போது தொடை வழியாகக் கம்பிச்சுருளை அனுப்பி, மண்டையைத் திறக்காமலே அடைக்கிறார்கள்.

★ புடைப்பு எந்த நேரத்தில் வெடிக்கிறது? நெதர்லாந்தின் உட்ரெக்ட் மருத்துவர்கள், வெடித்துப் பிழைத்த 250 பேரிடம் அதற்கு முந்தைய நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டு 2011-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். காப்பி, கோலா, கடும் உடற்பயிற்சி, மூக்குச் சிந்துதல், உடலுறவு, மலம் கழிக்க முக்குதல், திடுக்கிடுதல், கோபம். எல்லாமே சில நொடிகள் அழுத்தத்தை ஏற்றுபவை. காப்பி குடித்தாலே ஆபத்து என்று பதறாதீர்கள், இது புடைப்பு உள்ளவர்களின் கதை. இந்தப் பட்டியலில் எளிதாகச் சரிசெய்யக்கூடியது மலச்சிக்கல். கோபத்தை விட அது நிச்சயம் எளிது.

★ வயதானவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கும். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே செல்லும் சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கும். குளியலறையில் லேசாகத் தலை இடித்தாலே அறுந்து, சொட்டுச் சொட்டாகக் கசியத் தொடங்கும். அன்று ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு வாரம் கழித்துத் தாத்தா பெயர்களை மாற்றிச் சொல்கிறார், நடை தள்ளாடுகிறது, எந்நேரமும் தூங்குகிறார். வயசாயிடுச்சு என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். மண்டையோட்டில் சிறு துளை போட்டு வடித்தால், பலர் பழைய ஆளாக எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடும் முதியவர் விழுந்தால், காயமே இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

★ பிறந்த குழந்தையின் தொடையில் போடும் முதல் ஊசிகளில் ஒன்று வைட்டமின் கே, 1 மில்லிகிராம். வைட்டமின் கே தாயிடமிருந்து குழந்தைக்குக் கொஞ்சமே போகும். தாய்ப்பாலிலும் குறைவு. ஊசி போடாவிட்டால் அரிதாகச் சில குழந்தைகளுக்கு 2 வாரத்திலிருந்து 3 மாதத்துக்குள் ரத்தம் கசியும், பலருக்கு மூளைக்குள்ளேயே. வலிப்புக்கோ காசநோய்க்கோ மாத்திரை போட்ட தாய்மார்களின் குழந்தைக்கு முதல் நாளிலேயே வரலாம். வீட்டில் பிரசவம் பார்ப்பதைப் பெருமையாகப் பேசுபவர்கள் இந்த ஊசியைப் பற்றிப் பேசுவதில்லை.

★ திருவிழா, கல்யாணம் என்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஹார்மோன் மாத்திரைகளால் அரிதாகச் சிலருக்கு மூளையிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைகளில் ரத்தக்கட்டி உருவாகும். ரத்தம் வெளியேற முடியாமல் தேங்கி, பின்னுக்கு அழுத்தி, மூளைக்குள் கசியும். பிரசவமான பெண்களுக்கும் இது வரும். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்ற பழைய பத்தியம் ஆபத்தை இன்னும் கூட்டும். தலைவலி நாளுக்கு நாள் ஏறுவது, பார்வை மங்குவது, வலிப்பு ஆகியவை அடையாளம். இதில் வியப்பு என்னவென்றால், மூளையில் ரத்தம் கசிந்திருந்தாலும் இதற்குச் சிகிச்சை ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் ஊசிதான்.

★ கசிவு வந்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை என்பது பழைய பேச்சு. சுமார் மூன்றில் ஒருவருக்கு முதல் சில மணி நேரத்தில் கசிவு பெரிதாகிக்கொண்டே போகும். அதை நிறுத்துவதில்தான் உயிர் இருக்கிறது. இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் 7,036 நோயாளிகளிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில் புது மருந்து எதுவும் கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள் மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்துவது, வார்ஃபரின் வகை போட்டிருந்தால் உடனே முறிப்பது. நான்கையும் ஒன்றாக, விரைவாகச் செய்ததில் பிழைத்துத் தேறியவர்கள் கூடினார்கள். வாய் கோணல், கை கால் விழுதல், பேச்சுக் குழறல், இடிபோல் தலைவலி, இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். அவர் என்னென்ன மாத்திரை போடுகிறார் என்ற விவரமும் கூடவே போகட்டும்.

★ இதைப் படித்துவிட்டு நாளை காலை யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் எழுதித் தந்த ஆஸ்பிரினையோ வார்ஃபரினையோ திடீரென நிறுத்தியதால் அடைப்பு வந்து படுத்தவர்கள் உண்டு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும், சத்து மாத்திரை, சூரணம், சளி மாத்திரை, மூட்டுவலித் தைலத்தோடு வந்த இலவச மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேஜை மேல் கொட்டுங்கள். எதை வைப்பது, எதை எடுப்பது என்று அவர் சொல்லட்டும்.